சம்ப்பில் ஊற்றும் கொசு மருந்து விஷமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். மாநகராட்சி ஊழியர் வந்து சம்ப்பில் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில்) கொசு மருந்து ஊற்றுகிறார். அது புற்றுநோய் வரவைக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். புகை அடித்தால் என் ஏழு வயது மகன் இருமுகிறான். பக்கத்து வீட்டில் டெங்கு. போன மாதம் இவனுக்கும் காய்ச்சல். கடையில் கேட்டு இபுப்ரோஃபென் சிரப்பும், பப்பாளி இலைச் சாறும் கொடுத்ததில் மூன்றே நாளில் விட்டது. அந்த ஊழியரை இனி உள்ளே விடலாமா?

பதில்: தாராளமாக விடுங்கள். அவர் ஊற்றுவது டெமிபாஸ் என்ற கொசுப்புழுக்கொல்லி, கடைப் பெயர் அபேட். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் மருந்து என்பது கணக்கு. அந்த அளவு வரை குடிநீரிலேயே கலக்க உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள்.

புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. அடிக்கும் நேரத்தில் பையனை உள்ளறையில் வையுங்கள். புகை கலைந்ததும் இருமல் நின்றால் சரி. மூச்சு இழுப்பு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

டெங்கு கொசு பகலில் கடிப்பது, கால்வாயில் அல்ல, உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில் வளர்வது. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். அதனால்தான் அந்த ஊழியர் வாராவாரம் கதவைத் தட்டுகிறார். "வீட்டில் யாரும் இல்லை" என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்புகிறவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அடுத்த முறை அவர் டார்ச் அடிக்கும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள்: வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கும். முட்டை டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டையும்தான்.

எனக்குக் கவலை தந்தது "மூன்றே நாளில் விட்டது" என்ற வரிதான். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரைதான் ஆபத்தே. அப்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். உடம்பு சுடவில்லை, ஆனால் பிள்ளை சுருண்டு படுத்திருக்கிறான், வயிறு வலிக்கிறது என்கிறான், விடாமல் வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிட்டிருக்கிறது, ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ஏறட்டும் என்று இலைச் சாறு ஊற்றிக்கொண்டு உட்காராதீர்கள்.

இபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் எடைக்கு ஏற்ற அளவில்.

பையன் இப்போது ஓடியாடுகிறான் என்றால் பரிசோதனை எதுவும் வேண்டாம். ஆனால் டெங்கு வைரஸ் நான்கு வகை. போன மாதம் வந்தது டெங்குவாகவே இருந்திருந்தால், வேறு வகை தாக்கும் அடுத்த முறை கடுமையாகலாம். மிச்ச சிரப்பைக் கொட்டிவிடுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு முதல் நாளே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.