மனத்துக்குள் மொழிபெயர்த்துப் பேசும் மகளைப் பற்றி

இரண்டாம் மொழியில் கேட்கப்படும் கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் உங்கள் மகள் சில நொடிகள் தயங்கிய பிறகே பதில் சொல்கிறாள் என்றும், அதனால் அம்மொழியில் நடத்தப்படும் பட்டப்படிப்பை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தயக்கத்தை மட்டும் வைத்து அவளுக்குப் பிடித்த படிப்பைக் கைவிட வேண்டாம்.

தாய்மொழிச் சொல் ஒன்றைக் கேட்டவுடன் அதன் பொருள் மனத்தில் தோன்றிவிடுகிறது. புதிய மொழியின் சொல்லுக்கோ அத்தகைய நேர்வழி தொடக்கத்தில் வலுவாக இருப்பதில்லை. அது தாய்மொழிச் சொல்லைப் பற்றிக்கொண்டு, அதன் வழியாகவே பெரும்பாலும் பொருளைச் சென்றடைகிறது என்றும், தேர்ச்சி வளர வளரப் பொருளோடு நேரடித் தொடர்பு வலுப்பெறுகிறது என்றும் உளவியலாளர்கள் ஜூடித் க்ரோலும் எரிகா ஸ்டூவர்ட்டும் 1994இல் விளக்கினார்கள். டச்சு மொழியும் ஆங்கிலமும் நன்கறிந்தவர்களை அவர்கள் சோதித்தபோது, தாய்மொழியிலிருந்து இரண்டாம் மொழிக்கு மாற்றுவதற்கே கூடுதல் நேரம் பிடித்தது. சரளமாகப் பேசுபவர்களிடமே இவ்வேறுபாடு இருந்தது என்றால், உங்கள் மகளின் சில நொடித் தயக்கத்தை அறிவுக் குறையாகக் கருதுவது நியாயமாகாது. தொடக்க நிலையில் உள்ளவர்களும் ஓரளவு நேரடியாகவே பொருளை எட்டுகிறார்கள் என்று பின்வந்த ஆய்வாளர்கள் இக்கருத்தைத் திருத்தியிருக்கிறார்கள்; அதுவும் அவளுக்குச் சாதகமான செய்திதான்.

அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதை அறிய வேகத்தைவிடப் பிழைகளைக் கவனியுங்கள். ஒலியிலோ எழுத்திலோ ஒத்திருக்கும் வேறொரு சொல்லோடு குழப்பிக்கொள்வது பெரும்பாலும் தொடக்க நிலையின் இயல்பு. நாற்காலி என்று சொல்ல வேண்டிய இடத்தில் மேசைக்குரிய சொல்லைச் சொல்வதுபோலப் பொருளால் நெருங்கிய சொற்களுக்குள் தடுமாறுவதோ, அச்சொற்கள் பொருளோடு பிணையத் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது. மதிப்பெண் பட்டியலில் இவ்விரண்டும் ஒரே பிழையாகத்தான் எண்ணப்படும் என்பதால், பெற்றோர் இந்த முன்னேற்றத்தைக் காணாமலே போய்விடுகிறார்கள்.

தாய்மொழியில் யோசிக்காதே என்று அவளைக் கண்டிக்காதீர்கள். ஒரு பாடக் கருத்தைத் தாய்மொழியில் தெளிவாகப் புரிந்துகொண்டவள் அதை மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. அதற்குப் புதிய சொல்லை இணைத்தால் போதும். ஆனால் எல்லாச் சொற்களும் அப்படி ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதில்லை. நாம், நாங்கள் என்று நாம் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறது. ஆகவே இணைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், அவள் சேர விரும்பும் துறையின் எளிய நூல்களை இரண்டாம் மொழியில் படித்து, படித்ததை அன்றே அம்மொழியிலேயே சொல்லிப் பார்க்கட்டும். ஒரு சொல்லைப் பல சூழல்களில் சந்திக்கும்போதுதான் அதன் நேர்வழி வலுப்பெறும்.

மொழிபெயர்ப்புத் துறையும் அவள் மனத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அத்துறையில் பலரும் தமக்கு அதிக வலுவுள்ள மொழிக்குள் மொழிபெயர்ப்பதையே விரும்புகிறார்கள் என்பதால், அவளுடைய தாய்மொழி எழுத்தாற்றலையும் இப்போதே வளர்க்க வேண்டும். பதில் சொல்ல அவள் தயங்கும் அந்தச் சில நொடிகளில் நீங்கள் இடையில் புகுந்து சொல்லெடுத்துக் கொடுக்காமல், அவளே அந்தச் சொல்லைத் தேடிச் சொல்லும்வரை காத்திருங்கள்.