தயிர் கடைகிறவளின் கை

கேள்வி: புது வீட்டு ஹாலில் மாட்ட ஓர் எண்ணெய் ஓவியம் பார்த்து வைத்திருக்கிறேன். நகை நிறையப் போட்ட பெண் ஒருத்தி தயிர் கடைகிறாள். 'ராஜா ரவிவர்மா பாணி' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: வாங்குவது இருக்கட்டும் அம்மணி, அவள் கயிற்றை எப்படிப் பிடித்திருக்கிறாள்? ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைக் கவனிக்காமல் விடலாமா? மத்தில் கயிறு சுற்றிக் கடையும்போது ஒரு கை மார்பருகே வரும், மற்றது நீண்டு முன்னால் போகும். கடைகளில் தொங்கும் படங்களிலோ இரண்டு கையும் ஆரத்தித் தட்டு ஏந்தியதுபோல் சமமாக நிற்கின்றன. அப்படி நின்றால் மத்து எங்கே சுழலும்? மத்துத் தண்டு தூணோடு சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பானை கவிழ்ந்துவிடும்.

நேரமும் முக்கியம். என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கருக்கலில் எழுந்து கடைவார். வெயில் ஏறினால் வெண்ணெய் திரளாமல் இளகும், தண்ணீர் தெளித்து மல்லுக்கட்ட வேண்டும். உச்சி வெயில் சன்னலில் அடிக்க, ஒட்டியாணம் பூட்டிக்கொண்டு கடைகிறவளை எங்கள் பக்கத்து எந்தத் தொண்டுப்பட்டியிலும் (மாட்டுக் கொட்டகையிலும்) நான் கண்டதில்லை.

இதற்கு ரவிவர்மாவை இழுப்பதுதான் எனக்கு ஆறவில்லை. 1873இல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்ற அவருடைய படத்தில், நாயர் பெண் ஒருத்தி கூந்தலில் மல்லிகைச் சரம் சூடுகிறாள். நடக்கிற காரியம் அவ்வளவுதான். படத்தின் உயிர் அந்தக் கைகளில் இருக்கிறது. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் வண்ணப்படங்களை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து நகையையும் சரிகையையும் மட்டும் பிடித்துக்கொண்டார்கள். காலண்டர் பெண்களைப் பற்றி முன்பு இதை எழுதியபோது ஓவியர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். இன்றும் அதையேதான் சொல்வேன். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் தெற்கே சுற்றிப் பார்த்துவிட்டு, 1937இல் சந்தைக்குப் போகும் கிராமத்தாரை வரைந்தார். கறுத்த மேனியைக் கறுப்பாகவே தீட்டினார்.

பவானியில் தறிக்குத் தார் (ஊடைநூல் கண்டு) சுற்றுகிறவள், திருப்பூரில் நாள் முழுக்க நின்றபடி பனியனில் பிசிறு வெட்டுகிறவள், ஈரோட்டு மண்டியில் மஞ்சள் அள்ளுகிறவள்... இவர்களில் ஒருத்தியையாவது நம் ஊர் ஹால் எதிலாவது பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும். நகக்கண்ணில் ஏறிய மஞ்சளை, ஈரத்தின் மேல் ஈரம் வைத்துக் குழைத்துக் குழைத்து எடுக்க அதைவிடத் தோதான சாயம் ஏது?

கடைக்குப் போனால் செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், தூரிகை மேடு தெரியும். பிரின்ட்டின் மேல் ஜெல் பூசி மேடு காட்டுகிறவர்களும் உண்டு என்பதால் லென்ஸும் எடுத்துப் போங்கள். வண்ணம் பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரிந்தால் அது கான்வாஸில் அடித்த பிரின்ட். அசல் எண்ணெய் ஓவியமாகவே இருந்தாலும், கை தப்பாக இருந்தால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஓர் இளம் ஓவியரை வீட்டுக்கு அழையுங்கள். உங்கள் அம்மா வேலை செய்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து வரையச் சொல்லுங்கள்.