எதிர்வீட்டுக் கேமரா நம் வாசலைப் பார்த்தால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எதிர்வீட்டார் வைத்த கேமரா உங்கள் வாசலைப் பார்க்கிறது, ஜன்னல் பக்கம் ட்ரோனும் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கேமராவில் என்ன தெரிகிறது என்று அவர் கைப்பேசியில் காட்டச் சொல்லுங்கள். புகாரெல்லாம் பிறகு.

ஈசூனில் எங்களுக்கும் இதே கதைதான். எதிர்வீட்டு அங்கிளின் ஷூ இரண்டு முறை காணாமல் போனது. அடுத்த வாரமே அவர் கேட்டின் உள்பக்கம் கேமரா வந்துவிட்டது. நாங்களோ காற்றுக்காகப் பகல் முழுக்கக் கதவைத் திறந்துபோட்டு, கேட்டை மட்டும் பூட்டிவைப்பவர்கள். நைட்டியோடு வாசலில் கோலம் போடும் அம்மா, தோளில் துண்டு போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்.

ஒரு நாள் அவர் வாசலிலேயே நின்று, "அங்கிள், எங்கள் வீடு எவ்வளவு தெரிகிறது?" என்று கேட்டேன். செயலியைத் திறந்து காட்டினார். சாமி அலமாரி தெரிந்தது. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவும் தெரிந்தார். என்னைவிட அங்கிளுக்குத்தான் சங்கடம். படத்தில் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி செயலியிலேயே இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. நானே மறைத்துக் கொடுத்தேன். அம்மாவின் துண்டு மட்டும் இன்னும் போகவில்லை.

2023 மே முதல், வீட்டுக்குள்ளிருந்து தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு வீவக அனுமதி தேவையில்லை. ஆனால் அது அடுத்தவர் கதவையோ ஜன்னலையோ நேராகப் பார்க்கக் கூடாது. வெளிச்சுவரில் பொருத்தினால் நகர மன்ற அனுமதி வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சொந்த உபயோகத்துக்குக் கேமரா வைப்பவரை அது கட்டுப்படுத்தாது. நான் இரண்டு இரவு அதைப் படித்து வீணானவன். எதிர்வீட்டார் மசியவில்லை என்றால் சமூக சமரச நிலையம், அதற்கும் மேலே அண்டைவீட்டுத் தகராறுகளுக்கான நடுவர் மன்றம். பக்கத்து வீட்டைக் கண்காணிப்பதையும் 2015 சமூகத் தகராறுகள் தீர்வுச் சட்டம் தொந்தரவாகவே கணக்கில் எடுக்கிறது. 20,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம்.

ட்ரோன் வேறு விஷயம். 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைப் பதிவு செய்து, பதிவு ஒட்டியையும் ஒட்டியிருக்க வேண்டும். அதைவிடச் சிறியது என்பதற்காக உங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. திரும்பத் திரும்ப வந்தால் 2014 தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தேதி, நேரத்தோடு படமெடுத்து வைத்துக்கொண்டு போலிசிடம் போங்கள். எடுக்கும்போது எதிர் புளோக் ஜன்னல்கள் உங்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.