கடிகாரம் பிந்துவதற்குப் பலகை காரணமல்ல

கேள்வி: ஈரோட்டுப் பக்கம் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறோம். ஷிப்ட் நேரம் பார்க்க, இ.எஸ்.பி.32 என்ற வைஃபை வசதியுள்ள சிறு மின்னணுப் பலகையையும் சிறு திரையையும் வைத்து, எண்கள் உருண்டு மாறும் கடிகாரச் செயலி ஒன்றை என் மகள் எழுதினாள். திரை சிமிட்டுகிறது; தினமும் அரை மணி நேரம் பிந்துகிறது. "பலகை மட்டம், நான் புதிதாகச் செய்து தருகிறேன்" என்று தரகர் ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கோளாறு நிரலில்தான் இருக்கிறது. உங்கள் மகளே சரிசெய்துவிடலாம்.

'ஒரு நொடி காத்திரு, ஒன்றைக் கூட்டு, படம் வரை' என்று எழுதியிருப்பார். படம் வரையும் நேரம் இதில் கணக்கில் வராது. அது நொடிக்கு 20 மில்லி நொடி என்றாலே நாளுக்கு 28 நிமிடம் பிந்தும். நேரத்தை நிரல் எண்ணவே கூடாது. இணையத்தில் சரியான உலகப் பொது நேரத்தைச் சொல்லும் என்.டி.பி. சேவையிடம் கேட்டு, நம் நேரத்துக்காக 19,800 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம், கூட்டிக்கொள்ள வேண்டும். சிமிட்டல், திரை முழுவதையும் அழித்து அழித்து வரைவதால் வருவது. மாறும் எண்ணை மட்டும் நினைவகத்தில் வரைந்து, முடிந்த படத்தை ஒரே தடவையில் திரைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

தரகர்கள் செய்வது வேறு. உங்கள் வைஃபை கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி, மூல நிரலைத் தராமல் போய்விடுவார்கள். கடவுச்சொல்லை மாற்றிய நாளில் கடிகாரம் நின்றுவிடும்; மறுபடி அவருக்கே பணம்.  

இணையம் எப்போதும் இருந்தால் இவ்வளவு போதும். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் ஊரில் அது நடக்காது. மின்சாரம் திரும்பியதும் பலகை உடனே விழித்துக்கொள்ளும். வைஃபை பெட்டி மெதுவாகத்தான் எழும். இணைய இணைப்பும் அறுந்திருந்தால் கடிகாரம் பொய் மணி காட்டும். அதற்கு டி.எஸ்.3231 என்ற சிறு நேரக்காப்புப் பலகையைச் சேர்க்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோதும் நாணய வடிவச் சிறு பேட்டரியில் அது தானாக ஓடும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் நீலப் பலகை, மின்னேற்றக்கூடிய எல்.ஐ.ஆர்.2032 பேட்டரிக்காகச் செய்தது. அதில் சாதாரண சி.ஆர்.2032 போட்டு 5 வோல்ட்டில் இணைத்தால், ஏற்றக்கூடாத பேட்டரிக்குள் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும், அது உப்பிவிடலாம். இ.எஸ்.பி.32 பலகையின் 3.3 வோல்ட் காலில் (பின்) இணைத்தால் அந்த ஏற்றம் நடக்காது. இணைப்பு எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்த பிறகே பேட்டரியைப் போடச் சொல்லுங்கள்.