தலைக்கவசம் ஏன் ஆணியில் தொங்குகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

அரூரில் வீடு கட்டுகிறேன். ஆறு தலைக்கவசங்கள் வாங்கித் தந்தும் சித்தாள்கள் அணியவில்லை. இது அலட்சியம்தானே?

அந்தப் பெண்களின் தலையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா, ஐயா? சும்மாடு கட்டி, அதன்மேல் கலவைச் சட்டியை ஏற்றி, பலகை வழியே மாடிக்கு நடக்கிறார்கள். வழுவழுப்பான கவசத்தின்மேல் சும்மாடும் நிற்காது, சட்டியும் நிற்காது. கவசமா, கூலியா என்று கேட்டால் எவரும் கூலியைத்தான் எடுப்பார்கள். நான் இருந்த ஒரு தளத்தில் கலவை ஏற்றச் சிறிய லிஃப்ட் வைத்த பிறகு, அதே பெண்கள் பெரிதாகச் சொல்லாமலே கவசம் அணிந்தார்கள். ஆகவே முதலில் சுமையை இறக்குங்கள்.

ஓசூரில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். உயரத்தில் வேலை செய்யும்போது பாதுகாப்பு பெல்ட் கட்டியவர்கள்கூட அதன் கொக்கியை மாட்டுவதில்லையே, ஏன்?

எதில் மாட்டுவது என்று அவர்கள் உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? சாரத்தின் சவுக்குக் கம்பில் மாட்டினால், சாரம் சரியும்போது ஆளும் சேர்ந்தே விழுவார். கட்டடத்தின் உறுதியான பகுதியோடு பிணைத்த லைஃப்லைன் கயிறு இல்லாத இடத்தில் பெல்ட் என்பது ஆய்வாளருக்குக் காட்டும் அலங்காரம் மட்டுமே. மேலும், சதுர அடிக் கணக்கில் கூலி பேசிய பூச்சு வேலைக்காரருக்கு, நகரும்போதெல்லாம் ஒற்றைக் கொக்கியைக் கழற்றி மாட்டுவது வருமான இழப்பு. இரட்டைக் கொக்கி இருந்தால் ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்று பிடித்திருக்கும். பெல்ட்டின் தொடைப் பட்டைகள் சேலைக்குப் பொருந்தா என்பதையும் வாங்குபவர்கள் யோசிப்பதில்லை.

பாலக்கோட்டில் கொத்தனார் நான். சித்திரை வெயிலில் கவசத்துக்குள் தலை வெந்துவிடுகிறது.

உண்மைதான். வெள்ளை நிறமும் காற்றுத் துளைகளோடு தயாரித்த வகையும் சற்று உதவும். நீங்களாகத் துளையிட வேண்டாம், ஓடு வலுவிழக்கும். உள்பட்டைகளைக் கழற்றுவதும் கூடாது, அடியைத் தாங்குவது அவைதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். கையுறைக்கு மேஸ்திரி என் கூலியில் பிடிக்கிறார். இது சரியா?

சரியன்று, அம்மா. தொழிலாளரின் பாதுகாப்புக்காகத் தரப்படும் எதற்கும் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு கூறுகிறது. கொடுப்பது ரப்பர் கையுறையா என்றும் பாருங்கள். ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கும், அதிலுள்ள குரோமியம் சிலருக்குத் தீராத அரிப்பைத் தரும். துணிக் கையுறையோ அந்த ஈரத்தை உறிஞ்சி நாள் முழுவதும் கையிலேயே ஒட்டவைக்கும்.