மெம்பரேனில் ஓட்டம் குறைந்தால் முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீரில் குளோரெல்லா பாசி வளர்க்கிறோம். தொட்டிக்குள் முக்கிவைத்த 20 சதுர மீட்டர் ஹாலோ ஃபைபர் மெம்பரேனில் (சுவரில் நுண்துளைகள் உள்ள மெல்லிய குழாய் இழைகளால் ஆன வடிகட்டி) தினமும் 10,000 லிட்டர் வடிகட்டுகிறோம். பம்ப் 20 மணி நேரம் ஓடுகிறது. ஒரே வாரத்தில் ஓட்டம் பாதியாகிவிட்டது. மெம்பரேனை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் கணக்குப்படி ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு 25 லிட்டர் உறிஞ்சுகிறீர்கள். பாசித் தண்ணீருக்கு அது அதிகம். ஒரு அளவு வரைக்கும் அடியிலிருந்து வரும் காற்றுக் குமிழிகள் பாசியை உதறிவிடும். அதைத் தாண்டினால் உதறுவதைவிட ஒட்டுவது வேகமாகிவிடும். நான் 15 லிட்டரில்தான் தொடங்குவேன். அப்படியானால் உங்களுக்கு 33 சதுர மீட்டர் வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு 6,000 லிட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடைத்திருப்பது எது என்பதும் முக்கியம். ஒரு இழையை விரலால் தேய்த்துப் பாருங்கள். பச்சைப் படிவு வழித்துக்கொண்டு வந்தால் வெறும் பாசிதான். 9 நிமிடம் உறிஞ்சி 1 நிமிடம் நிறுத்தினாலே பெரும்பாலும் சரியாகும். நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று இருந்தால் அது பாசி கக்கும் பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரைச் சங்கிலிகளாலான கோழை. பாசியின் அளவு 2 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெம்பரேன் துளையோ 0.1 மைக்ரானுக்கும் கீழே. அதனால் பாசி துளைக்குள் போகாது, இந்தக் கோழைதான் போய் அடைக்கும். சத்து தீர்ந்து முற்றிய பாசி இதை அதிகம் கக்கும் என்பதால், வளர்ச்சி வேகமாக இருக்கும்போதே அறுவடை செய்யுங்கள். கோழை அடைத்த மெம்பரேனை 500 பிபிஎம் (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் தனித்தொட்டியில் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். குளோரின் மிச்சமிருந்தால் பாசி செத்துப்போகும்.

சொரசொரப்பான வெள்ளைப் படிவு என்றால் கால்சியம் உப்பு. வெயில் நேரத்தில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ள, பிஎச் 9-ஐத் தாண்டும்போது படிவது இது. சிட்ரிக் ஆசிட்டில் கரையும். ஆனால் ஹைப்போகுளோரைட்டையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். நடுவில் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் அடுத்தது.

இன்னொன்று. கழிவுநீர்ப் பாசி பாக்டீரியாவோடு திரண்டு தானாகவே படிவதுண்டு. ஒரு பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் கெட்டியாக இருந்தால், கூம்புத் தொட்டியில் படியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் மெம்பரேனுக்கு அனுப்பலாம், அதன் சுமை குறையும். (ஸ்பைருலினா வளர்ப்பவர்கள் துணியிலேயே வடிகட்டிவிடுகிறார்கள், அது இழை இழையாக நீளமானது, குளோரெல்லாவுக்கு அந்த வசதி இல்லை.)

மெம்பரேன் பாசியைக் கெட்டியாக்குமே தவிர உலர்த்தாது. லிட்டருக்கு அரை கிராம் இருப்பது 15 கிராமானால், 10,000 லிட்டர் சுமார் 330 லிட்டராகச் சுருங்கும். அதற்குமேல் சென்ட்ரிஃபியூஜோ (வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம்) மணல் படுகையோ வேண்டும். காய்ந்ததை உரமாக்கலாம். தீவனத்தில் கலப்பதென்றால் கிருமி, கன உலோகப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகுதான்.