அரைச் சேவலும் அறுநூறு வருஷச் சர்ச்சும்

இந்த மாதக் கடிதங்களில் ஜெர்மனிதான் அதிகம். ஆச்சரியமில்லை, அல்சூரில் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டுப் பிள்ளைகள் இந்திராநகர் மேக்ஸ் முல்லர் பவனுக்கு ஜெர்மன் படிக்கப் போகிறார்கள். நான் ஆகனில் இரண்டு வருடம் படித்தவள். பக்கத்தில் இருக்கும் கொலோனுக்கு எத்தனை சனி, ஞாயிறு போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால் இந்த முறை கொலோன் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன், விசா கேள்விகள் அடுத்த இதழில்.

அக்கா, அக்டோபரில் ஆகன் போகிறேன். முதல் வாரக்கடைசியிலேயே கொலோன், பான், டுசல்டோர்ஃப் மூன்றையும் முடித்துவிடலாம் என்று கூட வரும் நண்பர்கள் பிளான் போட்டிருக்கிறார்கள். என்னால் 50 யூரோதான் செலவழிக்க முடியும். நடக்குமா?
— மாணவர், ஜெயநகர், பெங்களூரு

நடக்கும் தம்பி, மூன்று ஊர் ரயில் நிலையத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டு வரலாம்.

கொலோனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளுக்கு அது தாராளம். பணம் பெரும்பாலும் ரயிலில் போகாது. டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் மாதப் பாஸ், 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்து, 58 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோவில் வந்து நிற்கிறது. ஆனால் அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதையே செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்து மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிடுவார்கள், உங்களுக்கும் கிடைக்கிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு ஆர்.இ., ஆர்.பி., எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் வண்டிகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற நெடுந்தூர விரைவு வண்டிகளில் மட்டும் கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. வெள்ளையாக, சுத்தமாக ஒரு வண்டி வந்து நின்றது, கொலோன் என்று போட்டிருந்தது, ஜன்னல் சீட்டும் கிடைத்தது. இவ்வளவு நல்ல வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் ஏன் அடுத்த வண்டிக்காக நிற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், டிக்கெட் பரிசோதகர் வரும்வரை. அவர் மேல் தப்பே கிடையாது. அன்றைக்குக் கட்டிய பணத்தில் ஒரு வாரத்துக்கு மளிகை வாங்கியிருப்பேன்.

ஆர்.இ. வண்டியில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தேடவே வேண்டாம், பெரிய சர்ச், டோம் என்பார்கள், தலைக்கு மேலே நிற்கும். தெற்குக் கோபுரத்தில் ஏற 533 படி, லிஃப்ட் கிடையாது, அதற்கு டிக்கெட் தனி. பாதிக்கு மேல் சுழல் படிக்கட்டில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டுதான் போக வேண்டும், முதுகில் பெரிய பை இருந்தால் எல்லோரும் முறைப்பார்கள். நடுவில் மணிக்கூடு வரும், அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே தொங்குகிற பெரிய மணி 24 டன்.

கீழே வந்ததும் பின்பக்கமாக ஹோஹென்சோலர்ன் பாலத்தில் நடந்து ரைன் ஆற்றைத் தாண்டி டாய்ட்ஸ் கரைக்குப் போங்கள். பாலத்தின் கம்பி முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டு. நம் ஊரில் மரத்தில் மஞ்சள் கயிறு கட்டுகிற மாதிரிதான், ஆனால் சாவியை ஆற்றில் எறிந்துவிடுகிறார்கள். அந்தக் கரையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால்தான் ஊர் முழுசாகத் தெரியும், அதற்குக் காசும் கேட்க மாட்டார்கள். சாக்லெட் மியூசியத்துக்கு மாணவர் அட்டையைக் காட்டுங்கள். உள்ளே சாக்லெட் ஊற்று ஒன்று உண்டு, வேஃபரை அதில் முக்கிக் கையில் கொடுப்பார்கள். இரண்டாவது முறையும் போய் வாங்கலாம், நான் வாங்கியிருக்கிறேன்.

என் மகள் ஆகனில் எம்.எஸ். படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கொலோன் போனவள், 'கடையே இல்லைம்மா, வெறும் பன்தான் சாப்பிட்டேன்' என்கிறாள். அவ்வளவு பெரிய ஊரில் கடை இல்லாமல் இருக்குமா? தனியாகச் சுற்றுவதும் பயமாக இருக்கிறது.
— வாசகி, மாட்டுங்கா, மும்பை

பாவம் அம்மா, பெண் சொல்வது நிஜம்தான். ஞாயிறு காலையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இட்லிக்கு வரிசையில் நிற்கிற ஊரிலிருந்து போனால் யாருக்கும் நம்பிக்கை வராது. அங்கே ஞாயிறு ஓய்வு நாள் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் ஷட்டர் போட்டுவிடுவார்கள். பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும், அவள் பன் அங்கேதான் வாங்கியிருப்பாள். ஹோட்டல்கள் உண்டு, ஆனால் மாணவர் பர்ஸுக்கு அது கொஞ்சம் அதிகம். ஒரே வழி ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள், அவை ஞாயிறும் திறந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலமே தயிர், பழம், பிரெட் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் உள்ள மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பி வரும். நாலு பாட்டிலுக்கு ஒரு யூரோ, சும்மாவா?

பயத்தைப் பற்றி: ஸ்டேஷனிலும் சர்ச் வாசலிலும் பிக்பாக்கெட் உண்டு, தாதர் ஸ்டேஷனில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வதைப் போல மாட்டிக்கொண்டால் சரி. போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 112. அதற்கு மேல் நீங்கள் மணிக்கு ஒரு தடவை போன் பண்ணாமல் இருந்தால் அவள் நிம்மதியாகச் சுற்றுவாள்.

இன்னொன்று. ஆகனிலிருந்து கொலோன் வழியாகப் போகும் ஆர்.இ. 1 வண்டி கடைசியில் போய் நிற்கும் ஊர் ஹம். அந்த ஊரை ஒட்டி ஊன்ட்ராப்பில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, கோபுரத்தோடு, இலங்கைத் தமிழர்கள் கட்டியது, 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஹம் ஸ்டேஷனிலிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். ஒரு சனிக்கிழமை அவளைப் போய்வரச் சொல்லுங்கள். சாமி கும்பிடுகிறாளோ இல்லையோ, சுற்றிலும் தமிழ் காதில் விழும்.

கொலோன் போன என் பையன் ஒரு போட்டோ அனுப்பினான். மேஜையில் ஒரு வட்ட அட்டை, அதன் ஓரத்தில் பென்சிலால் ஏழு கோடு. என்னப்பா இது என்றால் 'கேம் ஸ்கோர்' என்கிறான். அப்படியா?
— வாசகர், ராமகிருஷ்ணபுரம், டெல்லி

ஐயா, உங்கள் வீட்டு விஷயத்தில் தலையிடுகிறேன் என்று நினைக்காதீர்கள், ஆனால் அது ஸ்கோர்தான், ஆட்டம்தான் வேறு.

கொலோன் ஊருக்கே உரிய பீர் ஒன்று உண்டு, பெயர் கோல்ஷ். 0.2 லிட்டர் பிடிக்கிற ஒல்லிக் கிளாஸில் வரும். நீல ஏப்ரன் கட்டிய சர்வர், அந்த ஊர்க்காரர்கள் கோபெஸ் என்பார்கள், வட்டத் தட்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு சுற்றி வருவார். உங்கள் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் அட்டையில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். போதும் என்று வாயால் சொல்லி எல்லாம் பிரயோஜனமில்லை. அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூடி மாதிரி வைக்க வேண்டும், கல்யாணப் பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்கிற மாதிரி. வைக்காவிட்டால் வந்துகொண்டே இருக்கும். உங்கள் பிள்ளைக்கு இந்த மூடி விஷயம் ஐந்தாவது கோட்டில்தான் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நாம் நம்புவோம். நாலு பேர் ஒரே அட்டையில் கணக்கு வைத்திருக்கவும் கூடும். ஏழு கிளாஸ் சேர்ந்து ஒன்றரை லிட்டர்கூட வராது, ரொம்பக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதே கடைகளில் தண்ணீர் கேட்டால், சோப்பும் துண்டும் வேண்டுமா என்று கோபெஸ் கேலி பண்ணுவார் என்று அந்த ஊரில் ஒரு பழைய ஜோக் உண்டு. நான் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஷோர்லெ கேட்பேன், ஒருவரும் கேலி பண்ணியதில்லை, முகத்தைச் சுளித்ததோடு சரி.

பையன் சைவமாக இருந்தால் (அதுவாவது மிச்சம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்) மெனுவில் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'ஹால்வெ ஹான்' என்றால் அரைச் சேவல், வருவதோ கம்பு மாதிரி ஒரு தானியத்தில் செய்த பன், அதோடு கனமாக வெட்டிய சீஸ், கடுகு விழுது, வெங்காயம். சேவலின் இறகுகூட இருக்காது. 'வானமும் பூமியும்' என்ற அர்த்தத்தில் இன்னொன்று இருக்கிறது, ஆப்பிளும் உருளைக்கிழங்கும் மசித்தது, கேட்க எவ்வளவு சாத்வீகமாக இருக்கிறது, ஆனால் அதற்கு மேல் ரத்தத்தில் செய்த சாசேஜ் வைத்துத்தான் தருவார்கள். அதைத்தான் முதல் நாள் நான் ஆர்டர் பண்ணினேன்.

ஒரு சர்ச் கட்ட 632 வருஷம் என்று படித்தேன். எழுத்துப் பிழையா?
— வாசகர், செம்பூர், மும்பை

பிழையில்லை. 1248-ல் ஆரம்பித்து 1880-ல் முடித்தார்கள். நடுவில் 16-ஆம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் தீர்ந்து வேலை நின்றுபோய், 1842 வரை அப்படியே கிடந்தது. அரைகுறையாக நின்ற தெற்குக் கோபுரத்தின் தலையில் மர கிரேன் ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது, அந்தக் கால ஓவியங்களில் பார்த்தால் ஊரின் அடையாளமே அந்த கிரேன்தான். எங்கள் ஊர் மேம்பாலத் தூண்களைப் பார்த்துப் பழகிய பெங்களூர்க்காரர்களுக்கு இது புரியும். முடித்தபோது 157 மீட்டர், கொஞ்ச காலம் உலகத்திலேயே உயரமான கட்டடம். இப்போதும் சாரம் கட்டாமல் அதை நான் பார்த்ததில்லை, ஏதாவது ஒரு மூலையில் கல் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

யூடிகொலோனுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகி, மயூர் விஹார், டெல்லி

உண்டு, பெயருக்கே 'கொலோன் தண்ணீர்' என்றுதான் அர்த்தம். ஃபரீனா என்ற இத்தாலியக் குடும்பம் 1709-ல் அங்கே கம்பெனி தொடங்கியது, அது இன்னும் இருக்கிறது. 4711 என்ற இன்னொரு பிராண்டின் பெயர் குளோக்கன் தெருவில் இருந்த வீட்டின் கதவிலக்கம். அந்தக் கடையில் சின்ன ஊற்று மாதிரி வைத்து வாசனைத் தண்ணீர் விழ விட்டிருப்பார்கள், கையை நனைத்துக்கொள்ளலாம். எல்லோரும் மணிக்கட்டில் தடவிக்கொண்டு நின்றார்கள். நான் கர்சீப்பை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன், காய்ச்சல் என்றால் பாட்டி எனக்குச் செய்தது அதைத்தான். பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மா, உடம்பு சரியில்லையா, உட்கார நாற்காலி வேண்டுமா என்று கேட்டார்.